வரைபடத்தைக் கேட்கிறது கம்பெனி... கொடுக்கலாமா?

இந்த முறை வந்த கடிதங்களில் மூன்று, வேறு வேறு ஊர்களிலிருந்து வந்தவை. பயிரும் வேறு வேறு. ஆனால், மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கவலை. ‘நம்மிடம் இருப்பதைக் கம்பெனியோடு பகிர்ந்துகொண்டால் வளருமா, பறிபோகுமா?’ அதனால் மூன்றையும் சேர்த்தே பார்த்துவிடலாம்.

கேள்வி 1: “சின்ன வெங்காயத்தில் தாள் நறுக்க ஆள் கிடைப்பதில்லை. நாங்கள் மூன்று விவசாயிகள், உள்ளூர் லேத் பட்டறைக்காரர் ஒருவரோடு சேர்ந்து இரண்டு வருடமாக முயன்று, வெங்காயத்தில் கீறல் விழாமல் தாளை மட்டும் நறுக்கும் ஒரு கருவியைச் செய்திருக்கிறோம். போன பட்டத்தில் எங்கள் களத்தில் ஓட்டிப் பார்த்தோம். நன்றாக வேலை செய்கிறது. இதைக் கேள்விப்பட்ட வேளாண் கருவி கம்பெனி ஒன்று, ‘சேர்ந்து மேம்படுத்தலாம். வரைபடத்தையும் கருவியையும் கொடுங்கள். காப்புரிமையை இரண்டு தரப்பின் பெயரிலும் கூட்டாக வாங்கிக்கொள்ளலாம்’ என்கிறது. அடுத்த மாதம் கையெழுத்துப் போடக் கூப்பிட்டிருக்கிறார்கள். எங்களில் ஒருவர், ‘யாருக்கும் காட்டக் கூடாது’ என்கிறார். இன்னொருவர், ‘யூடியூப்பில் போட்டு எல்லா விவசாயிக்கும் கொடுத்துவிடலாம்’ என்கிறார். எது சரி?” – வாசகர், பெரம்பலூர் மாவட்டம்.

பதில்: முதலில் உங்கள் நான்கு பேருக்கும் பாராட்டுகள். மூன்று பேர் என்று எழுதியிருந்தாலும் நான் நான்கு என்றே கணக்கு வைக்கிறேன். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

‘காட்டவே கூடாது’, ‘எல்லோருக்கும் கொடுத்துவிடலாம்’ என்று உங்களுக்குள் இரண்டு கட்சி இருக்கிறது. பெரிய கம்பெனிகளின் நடைமுறையைக் கவனித்தால், அவர்கள் இந்த இரண்டு கட்சியிலும் இல்லை. தோட்டத்துக்கு வேலியும் போடுகிறார்கள், அதில் வாசலும் வைக்கிறார்கள். வாசலை யாருக்கு, எப்போது, என்ன நிபந்தனையில் திறப்பது என்பதில்தான் அவர்களுடைய சாமர்த்தியம் இருக்கிறது.

ஒரு பழைய உதாரணம் பாருங்கள். இன்று காரில் ஏறினால் தோளிலும் இடுப்பிலும் குறுக்கே மாட்டுகிறோமே, அந்த மூன்று புள்ளி சீட் பெல்ட், 1959-ல் சுவீடன் நாட்டு வால்வோ கம்பெனியில் நீல்ஸ் போலின் என்ற பொறியாளர் உருவாக்கியது. வால்வோ அதற்குக் காப்புரிமை வாங்கியது. வாங்கிய பிறகு, ‘இது உயிர் காக்கும் சமாச்சாரம்’ என்று மற்ற கார் கம்பெனிகளும் பயன்படுத்தத் திறந்துவிட்டது. இதில் கவனிக்க வேண்டியது வரிசை. முதலில் வாங்கினார்கள், பிறகு திறந்தார்கள். பூட்டிய கதவை எப்போது வேண்டுமானாலும் திறக்கலாம். திறந்துவிட்டதை மறுபடி பூட்ட முடியாது.

2014-ல் அமெரிக்காவின் டெஸ்லா கம்பெனி, ‘எங்கள் மின்சாரக் கார் காப்புரிமைகளை நல்லெண்ணத்தோடு பயன்படுத்துகிறவர்கள் மேல் வழக்குப் போட மாட்டோம்’ என்று அறிவித்தது. கேட்பதற்குத் தானம் மாதிரி இருக்கிறது. ஆனால், காப்புரிமையை அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. ‘நல்லெண்ணம்’ என்பதற்கு நிபந்தனை வைத்தார்கள். டெஸ்லா மேல் காப்புரிமை வழக்குப் போடுகிறவருக்கும், அவர்கள் பொருளை அப்படியே போலியாகச் செய்து விற்கிறவருக்கும் அந்தச் சலுகை கிடையாது. மின்சாரக் கார் செய்கிறவர்கள் பெருகினால்தான் அந்தச் சந்தையே வளரும், அது தங்களுக்கும் லாபம் என்பது அவர்கள் கணக்கு.

ஜப்பானின் டொயோட்டா இன்னும் ஒரு படி மேலே போனது. 2019-ல், ஹைப்ரிட் வாகனங்கள் தொடர்பான ஏறக்குறைய 24,000 காப்புரிமைகளை 2030 முடியும் வரை யாரும் பணம் கட்டாமல் பயன்படுத்தலாம் என்றது. அதே அறிவிப்பிலேயே, ‘இந்தத் தொழில்நுட்பத்தை உங்கள் வண்டியில் பொருத்த எங்கள் உதவி வேண்டுமென்றால், அதற்குக் கட்டணம்’ என்றும் சொல்லிவிட்டது. விதையை இலவசமாகக் கொடுத்துவிட்டு, நாற்று விடக் கற்றுக்கொடுப்பதற்குக் கூலி வாங்குவது போலத்தான். இதில் தவறு ஒன்றுமில்லை. ஆனால், ‘திறந்த கூட்டுறவு’ என்று யார் சொன்னாலும், எது திறந்திருக்கிறது, எது பூட்டியிருக்கிறது என்று பார்க்கும் பழக்கம் நமக்கும் வேண்டும்.

உங்கள் கருவிக்கு வருவோம்.

காப்புரிமை கிடைக்க மூன்று தகுதி வேண்டும். உலகில் எங்கும் வெளியாகாத புதுமையாக இருக்க வேண்டும். அந்தத் தொழில் தெரிந்தவர் யாரும் சாதாரணமாக யோசித்துவிடக் கூடியதாக இருக்கக் கூடாது. செய்து பயன்படுத்தக் கூடியதாக இருக்க வேண்டும். இந்தியச் சட்டப்படி விவசாய முறைக்குக் காப்புரிமை கிடையாது. கருவிக்கு உண்டு. வெங்காயத் தாள் நறுக்கும் இயந்திரங்கள் ஏற்கெனவே சில வந்திருக்கின்றன. ஆகவே ‘தாள் நறுக்கும் கருவி’ என்று மொத்தமாக உரிமை கேட்க முடியாது. சின்ன வெங்காயத்தில் கீறல் விழாமல் நறுக்க நீங்கள் கண்டுபிடித்த அமைப்பு எதுவோ, அதற்குத்தான் கேட்க முடியும். காப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் பழைய விண்ணப்பங்களை இலவசமாகவே தேடிப் பார்க்கலாம். வீட்டில் படித்த பிள்ளைகள் இருந்தால் உட்கார வைத்துத் தேடச் சொல்லுங்கள்.

இப்போது யூடியூப் யோசனை. விண்ணப்பம் போடும் முன்னால் வீடியோவை வெளியிட்டால், ‘புதுமை’ என்ற முதல் தகுதியே போய்விடும். பிறகு நீங்களே கேட்டாலும் கிடைக்காது. வாட்ஸ்அப் குழுவில் போடுவதும், திருவிழாக் கண்காட்சியில் வைப்பதும் அப்படித்தான் முடியும். களத்தில் ஓட்டிப் பார்த்தீர்களே, அது? நியாயமான சோதனைக்காக, வெளியிடத்தில் ஓட்டித்தான் பார்க்க முடியும் என்ற நிலையில் ஓட்டிப் பார்த்திருந்தால், அதிலிருந்து ஒரு வருடத்துக்குள் விண்ணப்பிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. போன பட்டத்தில் என்று எழுதியிருக்கிறீர்கள். நாள் ஓடிக்கொண்டிருக்கிறது.

கம்பெனிக்கு வரைபடத்தைக் கொடுக்கும் முன் செய்ய வேண்டியது, தற்காலிக விண்ணப்பம். கருவி என்ன, எப்படி வேலை செய்கிறது என்று விவரித்து, படம் வைத்துக் காப்புரிமை அலுவலகத்தில் பதிந்துவிடுவது. தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. ஆன்லைனிலும் போடலாம். தனிநபருக்கு ஆன்லைன் விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாய். அன்றைய தேதி உங்களுக்கு முன்னுரிமைத் தேதி ஆகிவிடும். அதிலிருந்து 12 மாதத்துக்குள் முழு விவரத்தோடு விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்ய வேண்டும். அந்த 12 மாதத்தில் கம்பெனியோடு பேசலாம், கருவியை மேம்படுத்தலாம், ‘இது தேறாது’ என்று தெரிந்தால் விட்டும்விடலாம்.

பின்னால் வரும் செலவையும் சொல்லிவிடுகிறேன். பரிசீலனை கோரத் தனிக் கட்டணம் உண்டு. தனிநபருக்கு 4,000 ரூபாய். காப்புரிமை 20 வருடம் நிற்க, மூன்றாம் வருடத்திலிருந்து ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். விவரத்தை எழுதித் தரும் காப்புரிமை முகவருக்குத் தனியாகக் கொடுக்க வேண்டும். இதில் கஞ்சத்தனம் கூடாது. எழுத்தில் விட்ட ஓட்டை, வேலியில் விட்ட ஓட்டை மாதிரி. ஆட்டுக்கு அது போதும். இந்தியாவில் வாங்கும் காப்புரிமை இந்தியாவுக்குள் மட்டுமே செல்லும் என்பதையும் மனதில் வையுங்கள்.

கூட்டுக் கிணற்றுக் கணக்கு

அந்தக் கம்பெனி சொன்னதில் எனக்கு உறுத்துவது, ‘காப்புரிமையை இரண்டு தரப்பின் பெயரிலும் கூட்டாக வாங்கலாம்’ என்ற வார்த்தைதான். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆளுக்குப் பாதி என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால், சட்டம் என்ன சொல்கிறது என்று பாருங்கள்.

இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 50-வது பிரிவின்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாத பட்சத்தில், கூட்டு உரிமையாளர் ஒவ்வொருவரும் அந்தக் கண்டுபிடிப்பைத் தன் லாபத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம். மற்றவருக்குக் கணக்குக் காட்ட வேண்டியதில்லை. ஆனால், ஒருவர் தன் பங்கை வெளியாளுக்கு விற்கவோ, வேறு கம்பெனிக்கு உரிமம் கொடுக்கவோ மற்றவர் சம்மதம் வேண்டும்.

இதைக் கூட்டுக் கிணறாக நினைத்துக்கொள்ளுங்கள். பத்திரத்தில் ஆளுக்குப் பாதிப் பங்கு. ஆனால் முறை வைக்கவில்லை. ஒருவரிடம் பெரிய மோட்டார் இருக்கிறது, அவர் இரவும் பகலும் இறைக்கிறார். யாரும் கேட்க முடியாது. இன்னொருவரிடம் மோட்டார் இல்லை. ‘என் பங்குத் தண்ணீரைப் பக்கத்துத் தோட்டக்காரருக்கு விட்டுக் காசாக்கிக்கொள்கிறேன்’ என்றால், முதல் பங்காளி சம்மதிக்க வேண்டும். கிணறு இரண்டு பேருக்கும் சொந்தம்தான். தண்ணீர் ஒருவருக்கு மட்டும் போகிறது.

கம்பெனியிடம் தொழிற்சாலை இருக்கிறது. ஆயிரம் கருவி செய்து விற்கலாம், உங்களுக்கு ஒரு ரூபாய் கொடுக்க வேண்டியதில்லை. உங்களிடம் தொழிற்சாலை கிடையாது. வேறு கம்பெனிக்குக் கொடுக்கலாம் என்றால் இவர்கள் ‘சரி’ என்று சொல்ல வேண்டும். அந்தக் கம்பெனி கெட்ட எண்ணத்தோடு கேட்டது என்று நான் சொல்ல வரவில்லை. பல கம்பெனிகளின் ஒப்பந்தப் படிவத்தில் இது வழக்கமாக வரும் வாசகம். ஆனால், முறை வைக்காத கூட்டுக் கிணற்றில் யாருக்கு மோட்டார் பெரிதோ அவருக்கே லாபம்.

மாற்று வழி, குத்தகை. நிலம் உங்கள் பெயரிலேயே இருக்க, மற்றவர் பயிர் செய்வது போல, காப்புரிமை உங்கள் பெயரில் இருக்கட்டும். கம்பெனிக்கு உரிமம் மட்டும் கொடுங்கள். இத்தனை வருடம், இந்தப் பகுதி, கருவி ஒன்றுக்கு இவ்வளவு ராயல்டி என்று எழுதிக்கொள்ளுங்கள். ‘லாபத்தில் பங்கு’ என்று எழுத வேண்டாம். லாபத்தைக் கணக்கில் கரைத்துவிடலாம். விற்ற கருவியின் எண்ணிக்கையைக் கரைப்பது கஷ்டம்.

அந்த நான்காவது ஆள்

லேத் பட்டறைக்காரரை ‘உதவி’ என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் சொன்ன அளவில் இரும்பை வெட்டி, வெல்டிங் வைத்துக் கொடுத்திருந்தால் அது கூலி வேலை. ஆனால், ‘பிளேடு இப்படி நின்றால் வெங்காயம் சிதையும், சாய்த்து வை’ என்று அவர் யோசனை சொல்லி, அதனால்தான் கருவி வேலை செய்தது என்றால், அவரும் கண்டுபிடிப்பாளர். அவர் பெயரை விட்டுவிட்டு விண்ணப்பித்தால், பின்னாளில் அந்தக் காப்புரிமையே கேள்விக்குள்ளாகலாம். கம்பெனியிடம் நியாயம் கேட்கப் போகிற நீங்கள், முதலில் உங்கள் பட்டறைக்காரரிடம் நியாயமாக நடந்துகொள்ளுங்கள். நான்கு பேரும் உட்கார்ந்து, யாருக்கு எவ்வளவு பங்கு, யார் முடிவெடுப்பது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்ட பிறகு கம்பெனியின் அறைக்குள் போங்கள்.

யூடியூப் யோசனை சொன்னவரைக் குறை சொல்லாதீர்கள். அவர் ஆசையும் நிறைவேற வழி இருக்கிறது. கோயம்புத்தூர் அருணாச்சலம் முருகானந்தத்தை எல்லோருக்கும் தெரியும். குறைந்த செலவில் நாப்கின் செய்யும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வைத்திருந்தும், அதைப் பெரிய கம்பெனிக்கு விற்காமல் மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு இயந்திரமாகக் கொடுத்தார். வேலி அவர் கையில் இருந்ததால்தான் வாசலை யார் பக்கம் வைப்பது என்று அவரால் தீர்மானிக்க முடிந்தது. நீங்களும், ‘சிறு விவசாயியும் உள்ளூர்ப் பட்டறையும் காசு கொடுக்க வேண்டாம், பெரிய அளவில் செய்து விற்கிற கம்பெனி கொடுக்க வேண்டும்’ என்று வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு உண்மையையும் மறைக்கக் கூடாது. எந்தப் பட்டறையிலும் ஒரே நாளில் பார்த்துச் செய்துவிடக் கூடிய எளிய கருவி என்றால், காப்புரிமை இருந்தாலும் ஊர் ஊராகப் போய் வழக்குப் போட உங்களால் முடியாது. அப்படிப்பட்டதைத் தெரிந்தே பொதுவில் வெளியிடுவது நல்ல முடிவுதான். தேதியோடு, விவரமாக, படத்தோடு வெளியிட்டுவிட்டால், பிறகு வேறு யாரும் அதையே தன் கண்டுபிடிப்பு என்று உரிமை கொண்டாட முடியாது. மஞ்சள் கதை ஞாபகம் இருக்கிறதா? காயத்துக்கு மஞ்சள் போடுவதற்கு 1995-ல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்துவிட்டார்கள். நம் நாட்டு அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழுமம் பழைய நூல்களையும் கட்டுரைகளையும் ஆதாரமாகக் காட்டி, 1997-ல் அதை ரத்து செய்யவைத்தது. பாட்டி சொன்னாள் என்பது அங்கே எடுபடவில்லை. எழுத்தில் இருந்ததுதான் காப்பாற்றியது.

ஆக, ‘வெளியிடுவது’ ஒரு வழி, ‘காப்புரிமை வாங்கித் திறப்பது’ ஒரு வழி, ‘உரிமம் கொடுப்பது’ ஒரு வழி. உங்கள் கருவியில் கீறல் விழாமல் நறுக்கும் அமைப்பு பார்த்தவுடன் செய்ய முடியாத நுட்பம் என்றால், அதற்கு மட்டும் தற்காலிக விண்ணப்பம் போடுங்கள். சட்டம், சக்கரம், மோட்டார் பொருத்தும் விதம் இவற்றைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். உதவிக்கு, தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தின் காப்புரிமைத் தகவல் மையம் சென்னையில் இருக்கிறது. உங்களைப் போன்ற எளிய கண்டுபிடிப்பாளர்களுக்காகவே மத்திய அரசு ஆதரவில் இயங்கும் தேசிய கண்டுபிடிப்பு அறக்கட்டளை குஜராத்தில் இருக்கிறது. காப்புரிமை விண்ணப்பத்துக்கு அவர்கள் கைகொடுக்கிறார்கள்.

கேள்வி 2: “என் மாமியார் காலத்திலிருந்து ஒரு நாட்டுக் கத்தரி ரகத்தைத் தேர்ந்தெடுத்து விதை எடுத்து வருகிறேன். வாடல் நோய் அவ்வளவாக வருவதில்லை. விதை கம்பெனிக்காரர் ஒருவர், ‘ஆராய்ச்சிக்காக’ என்று கொஞ்சம் விதை கேட்கிறார். கொடுத்தால் நாளைக்கு, ‘இது எங்கள் காப்புரிமை’ என்று சொல்லிவிடுவார்களா?” – வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்.

பதில்: அம்மா, இந்தியாவில் விதைக்கும் செடிக்கும் ரகத்துக்கும் காப்புரிமை கிடையாது. காப்புரிமைச் சட்டமே அதை விலக்கிவைத்திருக்கிறது. விதைக்கு இருப்பது வேறு சட்டம்: 2001-ம் வருடத்தின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம். அதன்படி உங்கள் கத்தரியை ‘விவசாயி ரகம்’ என்று உங்கள் பெயரில் பதிவு செய்யலாம். விவசாயிகளுக்குக் கட்டண விலக்கு உண்டு.

இந்தச் சட்டம் ஆராய்ச்சிக்கு வாசலைத் திறந்தே வைத்திருக்கிறது. பதிவான ரகத்தையும் யாரும் ஆய்வுக்குப் பயன்படுத்தலாம், அதிலிருந்து புதிய ரகம் உருவாக்கலாம். ஆனால், ஒட்டு விதை போல ஒவ்வொரு முறையும் உங்கள் ரகத்தையே தாய் வரிசையாக வைத்து விதை உற்பத்தி செய்ய வேண்டுமென்றால், பதிவு செய்தவரின் அனுமதி வேண்டும். உங்கள் ரகத்தின் குணத்தை எடுத்து உருவாக்கிய ரகத்தைப் பதிவு செய்தால், பயனில் பங்கு கேட்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால், ‘இது எங்களிடமிருந்து போனது’ என்று காட்ட ஏதாவது இருக்க வேண்டும்.

காய்கறி விதைக் கம்பெனிகள் தங்களுக்குள் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பது சுவாரசியமான விஷயம். ஐரோப்பாவில் செடியின் சில குணங்களுக்குக் காப்புரிமை வாங்கலாம். ஒரு கம்பெனியிடம் நோய் எதிர்ப்புக் குணம், இன்னொன்றிடம் பூச்சி தாங்கும் குணம். ஆளாளுக்கு வேலி போட்டதும், புதிய ரகம் உருவாக்குவது கடினமாகிவிடும் என்ற கவலை வந்தது. 2014-ல், சின்ஜென்டா, பேயர், ரைக் ஸ்வான், லிமாக்ரைன் உள்ளிட்ட 11 கம்பெனிகள் சேர்ந்து காய்கறிகளுக்கான சர்வதேச உரிமத் தளம் ஒன்றை அமைத்தன. உறுப்பினராகச் சேர்ந்த யாரும் மற்றவரின் காப்புரிமை உள்ள குணத்தைத் தன் ரக ஆராய்ச்சியில் பயன்படுத்தலாம். அந்தக் குணம் உள்ள ரகம் சந்தைக்கு வந்தால் மட்டும் ராயல்டி கொடுக்க வேண்டும்.

ராயல்டி எவ்வளவு என்று தகராறு வந்தால், தீர்க்கும் முறைதான் இதில் அழகு. மூன்று மாதத்துக்குள் பேசி முடியவில்லை என்றால் நடுவர்களிடம் போகும். இரண்டு தரப்பும் ஆளுக்கொரு தொகையை எழுதிக் கொடுக்க வேண்டும். நடுவர்கள் நம் ஊர்ப் பஞ்சாயத்து மாதிரி நடுவில் வெட்டிக் கொடுக்க மாட்டார்கள். இரண்டில் எது நியாயத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதோ, அதையே முழுதாக ஏற்பார்கள். பேராசைப்பட்டு எழுதினால் எதிராளியின் தொகை ஜெயித்துவிடும் என்ற பயத்தில், இருவருமே நியாயமாக எழுதுவார்கள். நிறையத் தகராறு நடுவரிடம் போகும் முன்பே முடிந்துவிட இந்தப் பயமே போதும்.

கோடிக்கணக்கில் வியாபாரம் செய்கிற கம்பெனிகள், தங்களுக்குள் ‘ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள், விற்றால் பங்கு கொடு’ என்று எழுதிவைத்துக்கொள்கிறார்கள். அதே வாசகத்தை உங்களிடமும் எழுதித் தரச் சொல்வதில் என்ன தவறு? விதை கொடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முதலில் ரகப் பதிவுக்கு விண்ணப்பியுங்கள். அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் உதவி கேளுங்கள். பிறகு, எந்த ரகம், எத்தனை கிராம், எந்தத் தேதியில், எதற்காகக் கொடுத்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதி, வாங்குகிறவரின் கையெழுத்தும் கம்பெனி முத்திரையும் வாங்கிக்கொண்டு கொடுங்கள். கையெழுத்துப் போடத் தயங்கினால், நீங்களும் விதை கொடுக்கத் தயங்கலாம்.

பக்கத்து வீட்டுக்காரர் கேட்டால்? அவருக்கு எந்தத் தாளும் வேண்டாம். எப்போதும் போல ஒரு பிடி கொடுங்கள். நாலு தோட்டத்தில் இருக்கும் விதை அழியாது.

கேள்வி 3: “கம்பெனியோடு ஒப்பந்த சாகுபடி செய்கிறோம். அந்த ரகத்தின் விதையை எடுத்துவைத்து அடுத்த பட்டத்தில் நட்டால் வழக்குப் போடுவார்களாமே, உண்மையா?” – வாசகர், கிருஷ்ணகிரி மாவட்டம்.

பதில்: அப்படிப் போட்டிருக்கிறார்கள். 2019 ஏப்ரலில், எஃப்.சி.5 என்ற உருளை ரகத்தை அனுமதியில்லாமல் பயிரிட்டதாகக் குஜராத் விவசாயிகள் மேல் பெப்சிகோ வழக்குப் போட்டது. நான்கு பேர் மேல் ஆளுக்கு ஒரு கோடி ரூபாய்க்கும் மேல் இழப்பீடு கேட்டது. நாடு முழுவதும் விவசாய அமைப்புகள் எதிர்த்ததும், மே மாதத்தில் வழக்குகளை விலக்கிக்கொண்டது. அதன் பிறகு அந்த ரகப் பதிவே கேள்விக்குள்ளானது. 2021-ல் பயிர் ரகப் பாதுகாப்பு ஆணையம் பதிவை ரத்து செய்தது. 2024 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, அந்த ரத்து செல்லாது என்று கம்பெனிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

இந்தத் தீர்ப்பைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது பதிவு செய்த விதத்தில் இருந்த குறைகள் பற்றிய வழக்கு. விவசாயியின் உரிமையைச் சொல்லும் 39-வது பிரிவு அப்படியே இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட ரகமாக இருந்தாலும், விவசாயி தன் விளைச்சலையும் விதையையும் சேமிக்கலாம், விதைக்கலாம், மறுபடி விதைக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், விற்கலாம். ஒரே தடை, பெயர் போட்டுப் பையில் அடைத்த ‘பிராண்டட்’ விதையாக விற்கக் கூடாது.

ஆனால், உங்கள் நிலை கொஞ்சம் வேறு. நீங்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர். விளைச்சல் முழுவதையும் கம்பெனிக்கே கொடுப்பேன், விதை எடுத்துவைக்க மாட்டேன் என்று அதில் இருக்கலாம். ரகச் சட்டம் கொடுத்த உரிமை ஒரு பக்கம், நீங்கள் ஒத்துக்கொண்ட வாசகம் ஒரு பக்கம் என்று இழுபறி வரும். ஆகவே ஒப்பந்தத்தின் நகலைக் கையில் வாங்கி, தமிழில் படித்துக் காட்டச் சொல்லுங்கள். விதை பற்றிய வரி எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். புரியாததை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம். வருட வருமானம் வரம்புக்குள் இருப்பவர்களுக்கும் பெண்களுக்கும் அங்கே வழக்கறிஞர் உதவி இலவசம்.

கையெழுத்துப் போடும் முன்

மூன்று கேள்விக்கும் பொதுவாக, கம்பெனியோடு கைகோக்கும் முன் கேட்க வேண்டியவற்றைத் தொகுத்துத் தருகிறேன். வெட்டிச் சுவரில் ஒட்டிவைத்துக்கொள்ளலாம்.

1. இன்றைக்கு எங்களிடம் இருப்பது என்ன என்று தேதி போட்டு எழுதியாகிவிட்டதா? பிறகு சேர்ந்து செய்வது எது, முன்பே எங்களுடையது எது என்று பிரிக்க இதுதான் எல்லைக்கல்.

2. பேச்சு நடக்கும்போதே ரகசியம் காக்கும் ஒப்பந்தத்தில் கம்பெனி கையெழுத்துப் போட்டதா? வரைபடமும் விதையும் அதற்குப் பிறகுதான்.

3. சேர்ந்து மேம்படுத்தினால், அந்த மேம்பாடு யாருக்குச் சொந்தம்? ‘கூட்டு உரிமை’ என்றால், வருமானத்தை எப்படிப் பிரிப்பது, வேறு ஆளுக்கு உரிமம் கொடுப்பது எப்படி என்று எழுதியிருக்கிறதா?

4. எங்களுக்கும் எங்கள் ஊர்ப் பட்டறைக்கும் செய்துகொள்ளும் உரிமை என்றைக்கும் இருக்கிறதா?

5. கம்பெனி வாங்கி வைத்துக்கொண்டு ஒன்றுமே செய்யாமல் இருந்தால்? இரண்டு வருடத்தில் உற்பத்தி தொடங்காவிட்டால் உரிமை திரும்பி வரும் என்று கெடு இருக்கிறதா?

6. தகராறு வந்தால் எந்த ஊர் நீதிமன்றம்? டெல்லி, மும்பை என்று இருந்தால், நம் மாவட்டம் என்று மாற்றச் சொல்லுங்கள்.

இந்த ஆறையும் கேட்டால் கம்பெனி கோபித்துக்கொண்டு போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம். அவர்கள் இன்னொரு கம்பெனியோடு பேசும்போது இதைவிட நீளமான பட்டியலோடுதான் உட்காருகிறார்கள். கேட்கிறவரோடு வியாபாரம் செய்வது அவர்களுக்குப் பழக்கமான விஷயம். இத்தனை நாள் பழக்கமில்லாமல் இருந்தது நமக்குத்தான்.

பெரம்பலூர் வாசகருக்கு ஒரு வார்த்தை: அடுத்த மாதக் கூட்டத்துக்குப் போங்கள். தற்காலிக விண்ணப்பத்தின் ரசீதை எடுத்துக்கொண்டு, நான்கு பேருமாகப் போங்கள்.